மெட்டல் இசை கேட்கிறவர்கள் ஏன் மற்ற பாட்டையெல்லாம் மட்டமாகப் பேசுகிறார்கள்?

நானும் அப்படிப் பேசித் திரிந்தவன்தான். அதனால் சொல்லலாம்.

எனக்கு ஊர் காவேரிப்பட்டணம். 2009 வாக்கில் எங்கள் பக்கம் பாட்டு வேண்டுமென்றால் ரீசார்ஜ் கடையில் மெமரி கார்டைக் கொடுத்து ஏற்றிக்கொள்ள வேண்டும். கடைக் கம்ப்யூட்டரில் 'இங்கிலீஷ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். திறந்தால் மைக்கேல் ஜாக்சனோடு முடிந்துவிடும். நான் பெங்களூரில் படித்த நண்பனிடம் கெஞ்சி ஸ்லேயர், மெகாடெத் மாதிரி, கிடார் கரகரவென்று அலறும் மெட்டல் குழுக்களின் பாட்டெல்லாம் வாங்கி வைத்திருந்தேன். ஒரு நாள் கார்டைக் கொடுத்துவிட்டு டீ குடித்து வந்தால், கடைக்கார அண்ணன் நிதானமாகச் சொன்னார்: "தம்பி, உன் பாட்டு பூரா கரப்ட் ஆயிருச்சு. எதப் போட்டாலும் கரகரன்னுதான் வருது. அழிச்சிட்டேன், புதுசா நாப்பது பாட்டு ஏத்தியிருக்கேன்."

அந்த வயதில் இதற்குச் சிரிக்கத் தோன்றாது. 'இவங்களுக்கு என்ன தெரியும்' என்றுதான் தோன்றும். ஊரே கேட்காத ஒன்றை நாம் கேட்கிறோம் என்பதில் பாதி தனிமை, பாதி திமிர். வெயில் கொளுத்தும் சித்திரையில் கருப்பு டிசர்ட் போட்டுக்கொண்டு அலைந்தது வேறு எதற்கு?

இளக்காரம் ஒரு பக்கம் மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெத்தனி பிரைசன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1996ல் ஒரு ஆய்வு வெளியிட்டார். அங்கே படித்தவர்கள் பல வகை இசையையும் ஏற்றுக்கொள்கிறார்கள், ஆனால் ராப், மெட்டல் மாதிரி சிலவற்றை மட்டும் ஒதுக்கிவிடுகிறார்கள் என்று அதில் காட்டியிருந்தார். ஒதுக்கப்பட்டவன் பதிலுக்கு ஒதுக்குகிறான், அவ்வளவுதான்.

ஆனால் உண்மையான வெறுப்பு கானா மேலேயோ மெலடி மேலேயோ இருக்காது. பங்காளிச் சண்டை மாதிரி, பக்கத்து வீட்டோடுதான். எண்பதுகளில் திராஷ் என்ற அதிவேக மெட்டலின் ரசிகர்களுக்கு முதல் எதிரி, ஸ்ப்ரே அடித்த முடியும் மேக்கப்புமாக வந்த கிளாம் மெட்டல் ஆட்கள். 1991ல் மெட்டாலிகா என்ற திராஷ் குழு வேகத்தைக் குறைத்து ஒரு ஆல்பம் போட்டதும், "விலை போய்ட்டானுங்க" என்று சொந்த ரசிகர்களே திட்டினார்கள். என் நண்பன் அந்த ஆல்பத்தைப் பற்றி ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நின்று ஒரு மணி நேரம் வாதாடியிருக்கிறான். 2011 அக்டோபர் 30ல் மெட்டாலிகா பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் வாசித்தபோது இருவரும் போயிருந்தோம். அதே ஆல்பத்துப் பாட்டு ஆரம்பித்ததும் ஐயா கண்ணை மூடிக்கொண்டு ஒரு வரி விடாமல் பாடினார். நான் எதுவும் கேட்கவில்லை, பாவம்.

மேடையில் வாசிக்கிற இசைக்காரர்களுக்கு இந்த வேலியெல்லாம் அவ்வளவாகக் கிடையாது. அதே 1991ல் ஆந்த்ராக்ஸ் என்ற திராஷ் குழு, பப்ளிக் எனிமி என்ற ராப் குழுவோடு சேர்ந்து ஒரு பாட்டைப் பதிவு செய்து, ஒரே மேடையில் ஊர் ஊராகவும் போனது. நமக்குத்தான் அது ஜீரணமாகக் கொஞ்ச நாள் பிடித்தது.

ஒன்றை மறைத்துவிட்டேன். அந்த மெமரி கார்டில் 'பில்' என்ற பெயரில் இன்னொரு ஃபோல்டர் இருந்தது. யாரும் திறந்து பார்த்துவிடக் கூடாது என்று வைத்த பெயர். உள்ளே முழுக்க தேவா. அண்ணன் அதை மட்டும் அழிக்கவில்லை.