அமெரிக்க உணவகத்தில் டிப்ஸ் எவ்வளவு வைப்பது? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, இப்போதுதான் நியூயார்க் வந்திருக்கிறேன். சாப்பாட்டுக்குத்தான் காசு கொடுக்கிறோமே, அதற்கு மேல் 20 சதவீதம் எதற்கு?

பதில்: இங்கே டிப்ஸ் என்பது சர்வரின் சம்பளத்தில் ஒரு பங்கு, தம்பி. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும் என்று கூட்டாட்சிச் சட்டம் முதலாளிக்கு இடம் கொடுக்கிறது. 1991 முதல் அந்தத் தொகை ஏறவே இல்லை. டிப்ஸையும் சேர்த்து கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 7.25 டாலர் வராவிட்டால் மீதியை முதலாளி ஈடுகட்ட வேண்டும். நியூயார்க் போன்ற பல மாநிலங்களில் இதைவிடக் கூடுதல்தான். ஆனாலும் சர்வர் டிப்ஸை நம்பித்தான் வீட்டு வாடகை கட்டுகிறார். மேசையில் பரிமாறும் இடத்தில் 15 முதல் 20 சதவீதம் வழக்கம். பெரிய நகரங்களில் நான் 18-க்குக் கீழே போவதில்லை.

கேள்வி: கலிஃபோர்னியாவில் சர்வருக்கும் முழுக் குறைந்தபட்சக் கூலி உண்டாமே? அங்கே குறைக்கலாமா சார்?

பதில்: உண்மைதான். வாஷிங்டன், ஆரிகன் உட்பட இன்னும் ஆறு மாநிலங்களிலும் அப்படித்தான். ஆனால் வழக்கம் மாறவில்லை, குறைக்காதீர்கள்.

கேள்வி: வரியோடு சேர்த்துக் கணக்கிடணுமா? கூப்பன் இருந்தால்?

பதில்: வரிக்கு முந்தைய தொகைக்குப் போட்டால் போதும். சாப்பாடு 80 டாலர் என்றால் பத்தில் ஒரு பங்கு 8, அதை இரட்டித்தால் 16. அதுதான் 20 சதவீதம். பில்லின் அடியில் அச்சிட்டு வரும் டிப்ஸ் தொகைகள் சில இடங்களில் வரியையும் சேர்த்துப் போட்டவை, பார்த்துக்கொள்ளுங்கள். பில்லில் உள்ள வரியை இரட்டித்து டிப்ஸாகப் போடும் குறுக்குவழி நியூயார்க் நகரத்தில் சரிவரும், அங்கே வரி 8.875 சதவீதம். விற்பனை வரியே இல்லாத ஆரிகனில் என்ன செய்வீர்கள்? கூப்பன் இருந்தால் தள்ளுபடிக்கு முந்தைய விலைக்குக் கணக்கிடுங்கள். சர்வருக்கு வேலை ஒன்றும் குறையவில்லையே.

கேள்வி: சாப்பாடு ஆறிப்போய், அரை மணி நேரம் கழித்து வந்தது. ஒன்றும் வைக்காமல் எழுந்து வந்துவிட்டேன். தப்பா அண்ணா?

பதில்: கோபம் புரிகிறது. ஆனால் தாமதம் சமையலறையில் நடந்ததா, சர்வரின் அலட்சியமா என்று பார்க்கணும். பல உணவகங்களில் சர்வர் தன் டிப்ஸிலிருந்து மேசை துடைப்பவருக்கும் பானம் கலப்பவருக்கும் பங்கு கொடுக்கிறார். அந்தப் பங்கை விற்பனைத் தொகையை வைத்துக் கணக்கிடும் இடங்களும் உண்டு. அங்கே நீங்கள் பூஜ்யம் போட்டால், உங்கள் மேசைக்காக அவர் தன் கைக்காசைக் கொடுக்க வேண்டி வரும். குறை இருந்தால் மேனேஜரை அழைத்து அப்போதே சொல்லுங்கள். பெரும்பாலும் பில்லில் கழித்துவிடுவார்கள். சர்வரே மரியாதை இல்லாமல் நடந்தால் 10 சதவீதத்தோடு நிறுத்துங்கள்.

கேள்வி: எட்டுப் பேர் போனோம். பில்லில் 18 சதவீதம் ஏற்கெனவே சேர்த்திருந்தார்கள், கீழே டிப்ஸ் கட்டமும் காலியாக இருந்தது!

பதில்: ஆறு பேருக்கு மேல் போனால் இப்படிச் சேர்ப்பது சகஜம். மறுபடி போட வேண்டாம். ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று இருந்தால் மட்டும், “இது உங்களுக்கு வருமா?” என்று சர்வரிடம் கேளுங்கள். கூட்டாட்சிச் சட்டப்படி அது உணவகத்தின் வருமானம், டிப்ஸ்தான் ஊழியருடையது.

கேள்வி: காபி வாங்கும் இடத்திலும் திரையைத் திருப்பி டிப்ஸ் கேட்கிறார்களே?

பதில்: அது உங்கள் இஷ்டம். கூச்சப்படாமல் வேண்டாம் என்று அழுத்தலாம்.

கேள்வி: ரொக்கமா, கார்டா? மேனேஜர் எடுத்துக்கொள்வாரோ?

பதில்: எதுவானாலும் சரி. மேனேஜரோ முதலாளியோ ஊழியரின் டிப்ஸில் கை வைக்கக் கூடாது என்று 2018-இல் சட்டமே வந்துவிட்டது. கார்டில் கொடுத்தால் டிப்ஸோடு மொத்தத் தொகையையும் நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ரொக்கமாக வைத்தால் டிப்ஸ் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.