சின்ன ஊர் ரொக் பாண்ட் கொழும்புக்கு வந்தால்தான் வளர முடியுமா?

கேள்வி கேட்டவர் மட்டக்களப்பில் நண்பர்களோடு சேர்ந்து ஓல்டர்நேட்டிவ் ரொக் வாசிக்கிறார். சொந்தத் தமிழ்ப் பாடல்கள் கையில் இருக்கின்றன, ஊரில் கேட்க ஆள் குறைவு, எல்லோரும் வேலையை விட்டுவிட்டுக் கொழும்பில் ஒரு வீடெடுத்து முழுமூச்சாக இறங்கலாமா என்று கேட்கிறார். நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன், மேடை நிகழ்ச்சிகளுக்கு சவுண்ட் பார்ப்பது என் வேலை, அதற்கு முன் பேஸ் கிட்டார் வாசித்தேன். என் பதில் நேரடியானது: வேலையை விடாதீர்கள், வீடும் எடுக்காதீர்கள். கொழும்புக்கு வாருங்கள், ஆனால் வாசித்துவிட்டு ஊருக்குத் திரும்பிப் போகிறவர்களாக வாருங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நாலு பெடியன்கள் தங்க ஒரு அனெக்ஸ் (வீட்டோடு சேர்ந்த தனிப் பகுதி) எடுத்தால் முற்பணமும் மாத வாடகையும் சேர்ந்து முதலில் உங்கள் பயிற்சி நேரத்தைத்தான் தின்னும். டிரம்ஸ் அடிக்க பக்கத்து வீட்டுக்காரர் விடமாட்டார், அதனால் மணிக்கணக்கில் காசு கொடுத்து ஜாமிங் ரூம் எடுக்க வேண்டும். அந்தக் காசுக்காகக் கல்யாண வீடு, சாமத்திய வீடு, ஹோட்டல் பார்ட்டி என்று சினிமாப் பாட்டும் பைலாவும் வாசிக்கத் தொடங்குவீர்கள். அது கௌரவமான தொழில், அதை நம்பிக் குடும்பம் நடத்துகிற அருமையான கலைஞர்களோடு நான் தினமும் வேலை செய்கிறேன். ஆனால் வார இறுதி முழுக்க அதற்கே போய்விட்டால் சொந்தப் பாட்டு எழுத மனசும் வராது, உடம்பும் விடாது. அப்படித்தான் நல்ல நல்ல பாண்ட்கள் சத்தமில்லாமல் கலைந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, கொழும்பில் ரொக் கேட்கிற கூட்டம் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் கேட்கிற கூட்டம், தமிழ்க் கூட்டம் டிக்கெட் எடுத்துப் போவது சினிமா இசை நிகழ்ச்சிக்கு. தமிழில் ரொக் பாடுகிற நீங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பீர்கள். அந்த இடத்தில் நிற்க முடியாது என்று நான் சொல்லவில்லை, ஆனால் பின்னால் சொந்தமாக ஒரு சனம் இல்லாமல் வெறுங்கையோடு வந்து நின்றால் ஆறு மாதத்தில் சோர்ந்துவிடுவீர்கள்.

அமெரிக்காவில் ஜோர்ஜியா மாநிலத்தில் ஏதன்ஸ் என்று ஒரு பல்கலைக்கழக ஊர் இருக்கிறது. ஆர்.இ.எம். என்ற ரொக் பாண்ட் அங்கேதான் 1980இல் தொடங்கியது. அவர்கள் நியூயோர்க்குக்கோ லொஸ் ஏஞ்சலிஸுக்கோ குடிபெயரவில்லை, ஒரு பழைய வான் வண்டியில் தென் மாநிலங்களின் சின்ன ஊர்களுக்கெல்லாம் போய்ப் போய் வாசித்தார்கள். முதல் சிங்கிள் 1981இல், முதல் முழு ஆல்பம் 1983இல், உலகம் முழுக்கத் தெரிய வந்தது 1991இல். கிட்டத்தட்ட பத்து வருடம் எடுத்திருக்கிறது! நிர்வானா என்ற இன்னொரு அமெரிக்க பாண்டின் கதை வேறு மாதிரி. அவர்கள் அபர்டீன் என்ற மரம் அறுக்கிற ஊரில் 1987இல் தொடங்கி ஒலிம்பியா, சியாட்டில் பக்கம் போனார்கள், அங்கே ஏற்கெனவே அதே இசையை வாசிக்கிறவர்களும் வெளியிடுகிற கம்பெனியும் இருந்தன. அவர்களுக்குச் சியாட்டில் இருந்தது போல உங்களுக்குக் கொழும்பு இன்றைக்கு இல்லை, அதனால் நான் ஏதன்ஸ் வழியைத்தான் சொல்வேன். நம் நாட்டிலேயே பாரனொய்ட் எர்த்லிங் 2001இல் கண்டியில் தொடங்கிய பாண்ட்தான், கொழும்பில் பிறந்தால்தான் ரொக் என்ற சட்டம் எதுவும் இல்லை.

சரி, மட்டக்களப்பில் என்ன இருக்கிறது? ஆள் குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அது அவசர முடிவாகத் தெரிகிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், அங்கே இசையும் நாடகமும் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவ்வளவு இளைஞர்கள் பக்கத்திலேயே இருப்பது சின்ன விஷயம் இல்லை. தெற்கே கல்முனை, அக்கரைப்பற்று, அதற்கும் கீழே அறுகம்பே. ஏப்ரலில் இருந்து ஒக்டோபர் வரை அங்கே சர்ஃபிங் சீசன், வெளிநாட்டுக்காரர்களும் கொழும்புப் பெடியன்களும் வந்து குவிகிற காலம், இரவில் நேரடி இசை கேட்கிற கூட்டம். கொழும்பு ரசிகர்களை நீங்கள் முதலில் சந்திக்க வேண்டிய இடம் அதுவாகக்கூட இருக்கலாம். வடக்கே வாழைச்சேனை, பாசிக்குடா, திருகோணமலை. இந்தக் கரையோர வீதியில் ஒவ்வொரு ஊரிலும் முப்பது பேர் உங்கள் பாட்டை வரி விடாமல் பாடுகிற நிலை வந்தால், கொழும்பில் ஒருவரிடம் மேடை கேட்கும்போது பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

வடமோடி, தென்மோடி என்று இரண்டு பாணியிலும் கூத்து ஆடுகிற ஊரில் இருக்கிறீர்கள். உங்கள் டிரம்ஸ் வாசிக்கிறவர் கூத்துப் பழக்குகிற ஒரு அண்ணாவியார் பக்கத்தில் இரண்டு இரவு உட்கார்ந்து மத்தளத்தையும் சல்லரி என்ற கைத்தாளத்தையும் கேட்கட்டும். மத்தளத்தை மேடையில் ஒரு அலங்காரமாகக் கொண்டுவந்து வைக்கச் சொல்லவில்லை. அந்தத் தாளக்கட்டு காலில் ஏறினால் டிரம்ஸ் அடிக்கிற விதமே மாறும், அதை வேறு எந்த ஊர் பாண்டாலும் கொடுக்க முடியாது. 1970களில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றவர்களின் பொப் பாடல்கள் இலங்கை வானொலி வழியாகத் தமிழ்நாட்டுக்கும் போய்ச் சேர்ந்தன என்றால், அவற்றில் நம்முடைய பேச்சும் நம்முடைய துள்ளலும் இருந்ததுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

இப்போது என் வேலையில் இருந்து ஒன்று, இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் வெளியூர்களில் இருந்து வருகிற தமிழ் ரொக் பாண்ட்கள் எல்லாம் இடறுகிற இடம் இது. பாட்டின் சொற்கள் கேட்பதில்லை. கிட்டாரில் டிஸ்டோர்ஷனை, அதாவது சத்தத்தைக் கரகரப்பாக்குகிற எஃபெக்டை, கூட்டக் கூட்ட அதன் சத்தம் 2,000 முதல் 4,000 ஹேர்ட்ஸ் அதிர்வெண் பகுதியை நிரப்பிவிடும், மனிதக் குரலில் மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்பதும் அதே பகுதியில்தான். நான் மிக்சரில் குரலை ஏற்றினால் மைக் ஊளையிடும், கிட்டாரைக் குறைக்கலாம் என்றால் அம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெரிதாக்குகிற பெட்டி) மேடையில் இருந்தே சனத்தின் முகத்துக்கு நேராகக் கத்திக்கொண்டிருக்கும், சின்ன ஹோலில் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. முதல் தடவை கேட்கிறவருக்கு உங்கள் வரி ஒன்றுகூட மனதில் நிற்காமல் போகும், அவ்வளவு பாடுபட்டு எழுதியதெல்லாம் வீண். அம்ப்பைத் தரையில் வைக்காமல் ஒரு கதிரையில் ஏற்றிக் கொஞ்சம் சாய்த்து, கிட்டார்காரரின் காதுக்கு நேராக வையுங்கள், அவரே சத்தத்தைக் குறைப்பார். டிஸ்டோர்ஷனை வீட்டில் தனியாக வாசிக்கும்போது நன்றாக இருக்கிற அளவில் இருந்து பாதியாக்குங்கள், பேஸ் கிட்டார் இருக்கிறதால் மொத்தச் சத்தம் மெலியாது. பாடுகிற இடத்தில் ஒரு கிட்டார் ஒதுங்கி நிற்கட்டும். மெட்டுப் போடும்போதும் கவனம் வேண்டும்: ஆங்கிலப் பாட்டின் இழுவையைத் தமிழில் அப்படியே வைத்தால் குறில் எல்லாம் நெடிலாகி, நல்ல வரியும் புரியாத சத்தமாகிவிடும்.

ரெக்கோர்டிங் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நிர்வானாவின் முதல் ஆல்பத்துக்கு 606 டொலர் 17 சதம்தான் செலவு, மணிக்கணக்கு வாடகைக்கு ஸ்டூடியோ எடுத்து, பாட்டுகளை முன்பே கரைத்துக் குடித்துவிட்டுப் போய் வாசித்தார்கள். நீங்களும் கையில் இருக்கிற எல்லாவற்றையும் பதியாமல் மூன்றே மூன்று பாட்டைத் தேர்ந்தெடுத்து, டிரம்ஸை மட்டும் நல்ல ஸ்டூடியோவில் பதிந்து, மற்றதை வீட்டிலேயே, மைக்கையும் கிட்டாரையும் கணினியோடு இணைக்கிற ஒரு ஓடியோ இன்டர்ஃபேஸில் பதியலாம். ஸ்பொட்டிஃபையில் இருந்து காசு வரும் என்று கணக்குப் போடாதீர்கள். 2024 முதல், கடந்த 12 மாதங்களில் ஒரு பாட்டு குறைந்தது 1,000 தடவை கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்குப் பணம் கணக்கில் சேரும். ஆனால் ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அனுப்ப ஒரு லிங்க் வேண்டும், அதற்காகப் போடுங்கள்.

அப்புறம், பாட்டு யாருடையது என்பதை இப்போதே கதைத்துவிடுங்கள், காசு வருவதற்கு முன். ஆர்.இ.எம். பாடல்களை நாலு பேர் பெயரிலும் சமமாகப் போட்டார்கள், அந்த பாண்ட் 2011 வரை ஓடியதில் அதற்குப் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவரின் வாழ்நாளும் அதற்குப் பிறகு 70 வருடமும் பதிப்புரிமை இருக்கும், அதற்குப் பதிவு எதுவும் தேவையில்லை. ஆனால் யார் எழுதியது என்று சண்டை வந்தால் காட்ட ஒரு தாள் வேண்டும். நாலு பேரும் கையெழுத்துப் போட்டு, திகதி இட்டு, படம் எடுத்து ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

கொழும்புக்கு எப்போது வரலாம் என்றால், நாற்பது நிமிடத்துக்குச் சொந்தப் பாட்டு தடுமாறாமல் வாசிக்க முடிகிறபோது. தனியாக ஹோல் எடுக்காதீர்கள். இங்கே இருக்கிற ஒரு சிங்கள பாண்டோடோ ஆங்கில பாண்டோடோ பேசி ஒரே மேடையைப் பகிருங்கள், டிரம்ஸ் செட் அவர்களுடையதாக இருக்கட்டும், நீங்கள் ஸ்னெயரும் சிம்பலும் மட்டும் தூக்கிக்கொண்டு இரவு ரயிலில் வந்து கோட்டையில் இறங்கலாம். அடுத்த மாதம் அவர்களை மட்டக்களப்புக்குக் கூப்பிட்டு உங்கள் சனத்துக்கு முன்னால் நிறுத்துங்கள், அந்த நட்பு எந்த விளம்பரத்தையும் விடக் கூடுதலாக உழைக்கும். வருவதற்கு ஒரு வாரம் முன் யார் எங்கே நிற்பீர்கள், எத்தனை மைக், எத்தனை அம்ப் என்று ஒரு தாளில் வரைந்து சவுண்ட்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அதை அனுப்புகிற பாண்ட்டுக்கு நாங்கள் சவுண்ட் செக் நேரத்தைக் கட்டாயம் ஒதுக்கி வைப்போம்.