சி.ஆர்.பி. அளவும் அம்மாவின் இதயமும்

அன்புள்ள ஐயா,

என் அம்மாவுக்கு 68 வயது. சர்க்கரை, ரத்த அழுத்தம், உடல் பருமன் மூன்றும் உண்டு. கோவைக்கு இறங்கி எக்கோ எடுத்ததில் பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் பங்கு) குறையாமல் 60 சதவீதம் என்று வந்தும், மருத்துவர் இதயச் செயலிழப்பு என்கிறார். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. 9 இருக்கிறது. மாரடைப்புக்குப் பின் பம்பிங் 30 சதவீதமாகிவிட்ட சித்தப்பாவுக்கோ அது 2தான். அம்மாவின் நிலைதான் மோசமா? அழற்சி குறைய மூட்டுவலி மாத்திரை கொடுக்கலாமா?

கோத்தகிரி வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: தயவுசெய்து கொடுக்காதீர்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபன் போன்றவை உடலில் உப்பையும் நீரையும் தேங்கவைத்து இதயச் செயலிழப்பை முற்றச் செய்யும்.

சி.ஆர்.பி. என்பது உடலில் எங்கோ அழற்சி இருக்கிறது என்ற செய்தி வந்ததும் கல்லீரல் சுரக்கும் புரதம்; அழற்சி எந்த இடத்தில் என்பதை அது சொல்லாது. ஆடி மாதத்துச் சாரலில் நெஞ்சுச்சளி பிடித்திருந்த நாளில் எடுத்த ரத்தமென்றால், அந்த 9 சளியினுடையதாகவே இருக்கலாம்.

சித்தப்பாவுக்கு இதயத்தசை முதலில் அடிபட்டது. அழற்சி அதன் பின்னால் வந்தது. அம்மாவுக்கு வந்திருக்கும் பம்பிங் குறையாத வகையில், 2013இல் பவுலஸ், ஷோபே என்னும் இரு மருத்துவர்கள் முன்வைத்த கருதுகோளின்படி, வரிசை தலைகீழானது: பருமனும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உடல் முழுவதும் மூட்டிவைக்கும் மெல்லிய அழற்சி இதயத்தின் நுண்குழாய்களைத் தாக்க, தசை விறைத்துப்போகிறது. அது நன்றாகச் சுருங்குகிறது. ஆனால் தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ளத் திணறுகிறது. ஆகவே இருவரின் எண்களையும் அருகருகே வைத்து யார் நிலை மோசம் என்று முடிவுசெய்ய இயலாது. இதயத்தின் சுமையைக் காட்டும் என்.டி. புரோ பி.என்.பி. என்ற ரத்தப் பரிசோதனை அளவுகூட உடல் பருமனானவர்களிடம் குறைவாகவே தெரியும் என்பதால், அதைப் பார்த்தும் ஏமாந்துவிடக்கூடாது.

அழற்சியை நேரடியாக அடக்கினால் இதயம் தேறிவிடும் என்று மருத்துவ உலகமும் நம்பியதுண்டு. டி.என்.எஃப். என்னும் அழற்சிப் புரதம் கடுமையான இதயச் செயலிழப்பில் கூடியிருப்பது 1990இல் தெரியவந்தது. அதைத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப் மருந்தை, பம்பிங் குறைந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2003இல் வெளிவந்தபோது, கூடுதல் அளவு பெற்றவர்களின் நிலை மோசமாகியிருந்தது. அழற்சியின் எண்ணைத் துரத்துவதும் நோயைத் துரத்துவதும் ஒன்றல்ல என்பதை எனக்கு அழுத்தமாக உணர்த்திய ஆய்வு அது.

அம்மாவுக்குச் சர்க்கரை, அழுத்தம், எடை மூன்றையும் அடக்குவதே அழற்சிக்கான வைத்தியமும் ஆகும். சர்க்கரை நோய்க்குத் தரப்படும் எம்பாக்லிஃப்ளோசின் வகை மாத்திரை அவருக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பம்பிங் குறையாத வகையிலும் அது மருத்துவமனைச் சேர்க்கையைக் குறைப்பது 2021இல் நிரூபணமானது. தினமும் காலையில் எடை பாருங்கள். கணுக்காலுக்கு மேல் எலும்பின் மீது கட்டைவிரலால் சற்று நேரம் அழுத்தி எடுங்கள். குழி உடனே நிரம்பாமல் நின்றாலோ, மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினாலோ, சி.ஆர்.பி. எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிராமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.