26 மாதமே ஓடப்போகும் காருக்கு எந்த டயர்?

கேள்வி: ஐயா, வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் இருக்கிறேன். வயது 33. வேலை ஜூரோங்கில். 2013ல் பதிவான டொயோட்டா 86 ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறேன். 2023ல் சிஓஇ-யை (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) 5 ஆண்டுக்குப் புதுப்பித்தேன், 2028 நடுவில் முடிகிறது. வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓடுகிறது. வருடத்தில் ஒரு நாள் மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்திலும் ஓட்டுவேன். நான்கு டயரும் தேய்ந்து போத்தாக் (வழுக்கை) ஆகிவிட்டன. விசாரித்த விலை எல்லாம் நான்கு டயருக்கு, பொருத்தும் கூலியோடு: பெரிய பிராண்டு 1,180 வெள்ளி, நடுத்தர வகை 780, கேள்விப்படாத பிராண்டு 460, தடத்துக்கான மென்மையான வகை 1,240. நடுத்தர வகையே ஜொகூர் பாருவில் 690 வெள்ளிக்குக் கிடைக்கும் என்கிறார்கள். பயன்படுத்திய டயர் 240. அவசரச் சேமிப்பைத் தொடாமல் 900 வெள்ளி எடுக்கலாம். மனைவி 460 போதும் என்கிறார், நண்பர்கள் 1,240தான் சரி என்கிறார்கள். 18 இன்ச் ரிம்மும் போட ஆசை. என்ன செய்யலாம்?

பதில்: டயரைப் பற்றிப் பேசுமுன் நாள்காட்டியை எடுங்கள். 5 ஆண்டுக்குப் புதுப்பித்த சிஓஇ-யை மறுபடி புதுப்பிக்க முடியாது. 2028 நடுவில் உங்கள் 86 பதிவு நீக்கப்பட்டே ஆக வேண்டும். அன்றைக்கு டயரில் பாதிப் பள்ளம் மீதி இருந்தால் அது உங்களுக்குத் திரும்பி வராத காசு. மாதம் 1,000 கிலோமீட்டர், இன்னும் 26 மாதம். ஆக, உங்களுக்குத் தேவை 26,000 கிலோமீட்டருக்கான ரப்பர். அதற்கு மேல் ஓடும் டயருக்கு நீங்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

உங்கள் ஓட்டத்துக்கு நான் வைக்கும் ஊகம் இது. பெரிய பிராண்டு 35,000 கிலோமீட்டர் ஓடும், நடுத்தர வகை 28,000, தடத்துக்கான மென்மையான வகை 12,000 முதல் 13,000. அப்படியானால் 1,180 வெள்ளி டயரில் ஏறக்குறைய 9,000 கிலோமீட்டர் வீணாகும். பயன்படும் 26,000க்கு வகுத்தால் கிலோமீட்டருக்கு நாலரைக் காசு. நடுத்தர வகை 3 காசு, அதுவும் காரோடு சேர்ந்து ஓய்வு பெறும். மென்மையான வகையை இரண்டு முறை வாங்க வேண்டிவரும்: 2,480 வெள்ளி, கிலோமீட்டருக்கு ஒன்பதரைக் காசு. உங்கள் நண்பர்கள் இந்தப் பெருக்கலைப் போட்டிருக்க மாட்டார்கள். ஒரு லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடினால், பெட்ரோல் 3 வெள்ளி என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 25 காசு எரிக்கிறீர்கள். அதன் பக்கத்தில் டயர் செலவு சின்னதுதான். அதனால் காசை மிச்சம் பிடிக்க வேண்டிய முதல் இடம் இது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி உங்கள் மனைவியின் கணக்கு. 780க்கும் 460க்கும் வித்தியாசம் 320 வெள்ளி, 26 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 12 வெள்ளிச் சொச்சம். வறண்ட சாலையில் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் நானும் அவர் பக்கம்தான். ஆனால் நீங்கள் காலையில் சிலேத்தார் விரைவுச்சாலையில் ஏறி, புக்கிட் தீமா விரைவுச்சாலை வழியாகத் தீவு விரைவுச்சாலைக்கு வருகிறவர். சிங்கப்பூரில் வருடத்துக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை, சராசரியாக 170 நாளாவது நனைகிறோம். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியற்காலையில் வரும் சுமத்ரா சூறைக்காற்று சரியாக வேலைக்குப் போகிற நேரத்தில்தான் கொட்டும். 90 கிலோமீட்டர் வேகத்தில் கார் விநாடிக்கு 25 மீட்டர் போகிறது. சாலையை ஒவ்வொரு டயரும் தொடும் இடம் ஏறக்குறைய உள்ளங்கை அளவு. ஜெர்மனியின் ஏடிஏசி வாகனச் சங்கம், ஆட்டோ பில்ட் இதழ் போன்றவை வருடந்தோறும் நடத்தும் டயர் சோதனைகளில் மலிவு வகை வழக்கமாக எங்கே அடிவாங்குகிறது என்றால், ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும்போது.

என் தாத்தா ஜொகூர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையை, நம் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் இயக்குநராக இருந்த ரிட்லி துரை அங்கேதான் செய்து பார்த்தார் என்பது பலருக்குத் தெரியாது. ஆனால் மழையில் உங்கள் காரை நிறுத்துவது தாத்தா மங்கில் பிடித்த பால் மட்டுமல்ல, அதோடு கலக்கும் செயற்கை ரப்பரும் சிலிக்காவும். கலவையில்தான் செலவு. கடையில் கறுப்பாக நிற்கும் நான்கு டயரைப் பார்த்து அது தெரியாது என்பதுதான் சிக்கல்.

இதைப் பணமாகவே பார்ப்போம். மழையில் முன்னால் போகும் காரின் பின்பக்கத்தில் இடித்தால் பெரும்பாலும் தவறு உங்கள் பெயரில்தான் விழும். பாலிசியில் உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய முதல் தொகை 1,500 வெள்ளி என்று வையுங்கள். இழப்பீடு கேட்காததற்கான தள்ளுபடி 50 சதவீதத்தில் இருந்தால் ஒரே இடியில் 20க்கு இறங்கும். தள்ளுபடிக்கு முன் பிரீமியம் 3,000 என்றால், அடுத்த வருடம் 900 வெள்ளி கூடுதல், அதற்கடுத்த வருடம் 30 சதவீதத்துக்கு ஏறினாலும் 600 கூடுதல். மொத்தம் 3,000 வெள்ளி. அதில் 320 போல ஒன்பது மடங்குக்கு மேல் இருக்கிறது. நல்ல டயர் போட்டால் இடிக்கவே மாட்டீர்கள் என்று நான் சொல்லவில்லை. மாதம் 12 வெள்ளிக்கு அந்த வாய்ப்பைக் குறைத்துக்கொள்ளலாம் என்றால் வாங்கிக்கொள்வேன்.

ஆகவே 780. நடுத்தர வகை என்றால் ஹான்கூக், கும்ஹோ, யோக்கோஹாமா, ஃபால்கன், டோயோ போன்றவற்றின் விளையாட்டு வகை டயர்கள். கடைக்காரர் ஒரே பிராண்டில் இரண்டு மூன்று மாடல் காட்டுவார், விலையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். டயரின் பக்கச்சுவரில் ‘டிரெட்வேர்’ என்று ஒரு எண் இருந்தால் பாருங்கள். 300ஐ ஒட்டி இருந்தால் உங்கள் 26,000க்கு ஏறக்குறைய பொருந்தும். 200 என்றால் நண்பர்கள் சொன்ன ரகம். அந்த எண்ணைத் தயாரிப்பாளரே சூட்டிக்கொள்கிறார் என்பதால் ஒரு பிராண்டின் 300ஐ இன்னொன்றின் 320உடன் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். அதே பிராண்டுக்குள் ஒப்பிடலாம். பக்கத்திலேயே ‘டிராக்‌ஷன்’ என்று ஓர் எழுத்து இருக்கும், அது ஈரத்தில் நேராக பிரேக் பிடிப்பதற்கான தரம். இரட்டை ஏ-தான் உயர்ந்தது. ஐரோப்பிய லேபிள் ஒட்டிய டயர் என்றால் மழை மேகம் வரைந்த கட்டத்தில் ஏ அல்லது பி இருக்கிறதா என்று பாருங்கள். அதைவிடக் கீழே இருந்தால் 50 வெள்ளி மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

18 இன்ச் ரிம் பற்றி. வேண்டாம். உங்கள் காரின் 215/45 ஆர்17 சாதாரணக் கார்களுக்கும் வரும் அளவு, அதனால்தான் உங்களுக்கு 780 என்ற விலையே கிடைக்கிறது. 18க்குப் போனால் ரிம் செலவு ஒரு பக்கம், ஒவ்வொரு டயரும் விலை ஏறுவது மறுபக்கம். இன்னொரு சங்கதி உங்களுக்கே தெரிந்திருக்கும்: 2012ல் இந்தக் கார் வந்தபோது தொழிற்சாலையிலேயே மிஷலின் பிரைமசி எச்பி போட்டு அனுப்பினார்கள். பிரியஸ் காருக்கும் வந்த டயர் அது! ஒட்டிப் பிடிக்காத டயரில் இயல்பான வேகத்திலேயே ஆட்டம் காட்டட்டும் என்றுதான் தலைமைப் பொறியாளர் தெட்சுயா தாதாவின் குழு அப்படிச் செய்தது. விலை உயர்ந்த பிடிப்பு இல்லாவிட்டால் இந்தக் காரில் சுகம் போய்விடும் என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள்.

செப்பாங் வருடத்துக்கு ஒரு நாள்தான். அந்த ஒரு நாளுக்காக மீதி 364 நாளும் மென்மையான டயரைத் தேய்ப்பது எனக்குப் புரியவில்லை. நடுத்தர வகையிலேயே போங்கள். ஐந்தரைக் கிலோமீட்டர் சுற்றில் நான்கைந்து சுற்று ஓட்டிவிட்டு ஒரு சுற்று ஆறவிடுங்கள். டயர் சூடாகிக் கத்தத் தொடங்கினால் உள்ளே வந்துவிடுங்கள். அப்படியும் சில ஆயிரம் கிலோமீட்டருக்கான ரப்பர் அன்றைக்குக் கரையும், அதை மேலே சொன்ன 28,000லிருந்து கழித்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை போனால் கடைசி ஓரிரு மாதம் இழுபறியாகும். அப்புறம், பாலிசியை எடுத்துப் படியுங்கள். பந்தயத் தடத்தில் நடப்பதற்குப் பெரும்பாலான பாலிசிகள் பொறுப்பேற்பதில்லை. டயரைவிடப் பெரிய பணம் அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

ஜொகூர் பாரு விலையை அப்படியே நம்ப வேண்டாம். 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் வெளிநாட்டில் வாங்கிய பொருளுக்கு வரிவிலக்கு 100 வெள்ளி வரைதான். மீதி 590க்கு 9 சதவீதப் பொருள் சேவை வரி 53 வெள்ளி. 690, 743 ஆகிவிட்டது. மிச்சம் 37 வெள்ளி. அதிலிருந்து சுங்கக் கட்டணத்தைக் கழியுங்கள், கடற்பாலத்தில் நிற்கும் அரை நாளையும் கழியுங்கள். ஒரு மாதம் கழித்து ஸ்டியரிங் நடுங்கினால் மறுபடி பேலன்சிங் பார்க்க அதே கடைக்கு யார் போவது? இங்கேயே காக்கி புக்கிட்டிலோ சின் மிங்கிலோ போட்டால் எல்லை தாண்டாமல் போய் வரலாம். மாமியார் வீடு அங்கே இருந்து எப்படியும் மாதா மாதம் போகிறவர் என்றால் வேறு பேச்சு.

பயன்படுத்திய டயர் கதையை நான் பட்டே அறிந்தேன். பல வருடத்துக்கு முன் ஒரு கடையில் ‘80 சதவீதம் பள்ளம் இருக்கு பாஸ்’ என்று சொல்லி நான்கு டயரை மாட்டிவிட்டார்கள். பள்ளம் உண்மையிலேயே இருந்தது. ஆனால் முதல் மழையில் வீட்டுக் கார் நிறுத்துமிடச் சரிவிலேயே வழுக்கியது. மறுநாள் கைபேசி வெளிச்சத்தில் மண்டியிட்டுப் பக்கச்சுவரைத் தடவிப் பார்த்தேன். டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். 3706 என்று இருந்தது. 2006ன் 37வது வாரம். அப்போது அதற்கு எட்டு வயது. நகத்தால் அழுத்தினால் ரப்பர் கொடுக்கவே இல்லை, செருப்பின் அடிப்பாகம் மாதிரி. 240 வெள்ளியை மறந்துவிடுங்கள்.

பணம் கட்டும் விதம்: 900ல் 780ஐ ரொக்கமாகவோ, மாதக் கடைசியில் முழுதும் அடைக்கப்போகும் அட்டையிலோ கட்டுங்கள். 1,180 டயரைத் தவணையில் தரும் கடை உங்களை இழுக்கும். தவணை ஒன்று தவறி அட்டையில் பாக்கி நின்றால் வட்டி வருடத்துக்கு 25 சதவீதத்துக்கு மேல். மீதி 120 வெள்ளியில் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். அது கோணலாக இருந்தால் டயரின் உள்விளிம்பு மட்டும் சத்தமில்லாமல் தேய்ந்து, என் 28,000 கணக்கு 18,000 ஆகிவிடும். உங்கள் காரில் நான்கும் ஒரே அளவு என்பதால் 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றிப் போடலாம். மாதம் ஒருமுறை பெட்ரோல் நிலையத்தில் காற்றுப் பாருங்கள், அது இலவசம். எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும்.

சட்டப்படி பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பள்ளத்துக்குள் குறுக்கே ஒரு சின்ன மேடு தெரியும், ரப்பர் அதன் மட்டத்துக்கு வந்துவிட்டால் முடிந்தது. 10 வயது தாண்டிய காரை வருடா வருடம் பரிசோதனைக்குக் கொண்டுபோகிறீர்கள், அங்கேயும் பார்ப்பார்கள். பின்சக்கரம் தள்ளும் காருக்கு மழைக்காலத்தில் நான் 3 மில்லிமீட்டரையே எல்லையாக வைப்பேன். உங்களுடையது இப்போதே போத்தாக் என்கிறீர்கள். அப்படியானால் இந்தப் பதிலுக்காகக் காத்திருந்ததே தப்பு, தம்பி. டயர் மாறும்வரை ரயிலில் போங்கள்.

கடையில் மாட்டுவதற்கு முன் நான்கு டயரின் அந்த நான்கு இலக்கத்தையும் நீங்களே குனிந்து படியுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். மாட்டிய பிறகு முதல் 100, 200 கிலோமீட்டர் மெதுவாகப் போங்கள். அச்சிலிருந்து ஒட்டாமல் வரப் பூசிய வழுவழுப்பு தேய்ந்து போகும்வரை புது டயரும் கொஞ்சம் வழுக்கும்.