ஹோர்டாவுக்கு என்ன சம்பளம்?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். 'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சிக் கதையின் முதல் தொடரில் வரும் 'தி டெவில் இன் த டார்க்' அத்தியாயத்தை நல்ல அரக்கன் கதைக்கு உதாரணமாக எழுதியிருந்தீர்கள். தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் 15, 16 வயதுப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாம் என்று முதலில் நானே பார்த்தேன். உண்மையைச் சொன்னால் சிரிப்புத்தான் வந்தது. பழைய கம்பளத்துக்குள் ஒரு ஆள் முட்டி போட்டு நகர்வது அப்பட்டமாகத் தெரிகிறது. குகையின் தரை கல்யாண மண்டபத் தரை மாதிரி சமமாக இருக்கிறது. சிலிக்கன் உயிர், பாறையைக் கரைக்கும் அமிலம் என்பதெல்லாம் பள்ளிக்கூட வேதியியலுக்கு முன்னாலேயே நிற்காது. பிள்ளைகள் கிண்டல் செய்துவிட்டுப் போனை எடுத்துக்கொள்வார்கள். இதைக் காட்டத்தான் வேண்டுமா? காட்டினால் எப்படிக் காட்டுவது?

அன்புடன்,
ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த்

அன்புள்ள தம்பிக்கு,

காட்டுங்கள். பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும், குடி ஒன்றும் முழுகிவிடாது. நீங்கள் சொன்ன மூன்றில் கம்பளம் பாதிதான் சரி, தரை முழுக்கச் சரி, வேதியியல் நீங்கள் நினைப்பதைவிட மோசம். ஆனால் இந்த அத்தியாயத்தோடு எனக்குள்ள சண்டை நீங்கள் தொடாமல் விட்ட ஓர் இடத்தில்.

பார்க்காதவர்களுக்காகக் கதை: ஜானஸ் 6 என்ற கோளில் பெர்ஜியம் என்ற கற்பனைத் தாதுவைத் தோண்டும் சுரங்கம். ஏதோ ஒன்று பாறையைத் துளைத்துக்கொண்டு வந்து ஆட்களைக் கருக்கிக் கொல்கிறது. ஐம்பது பேர் போயாயிற்று. விண்கலத்தின் கேப்டன் கிர்க்கும் அவருடைய துணை அதிகாரி ஸ்பாக்கும் வேட்டைக்கு இறங்குகிறார்கள். கொன்றது ஹோர்டா என்ற சிலிக்கன் உயிர், அது ஒரு தாய். 23ஆம் மட்டத்தைத் திறந்தபோது கிடைத்த உருண்டைக் கற்கள் அதன் முட்டைகள். விவரம் தெரியாமல் அவற்றை ஆயிரக்கணக்கில் உடைத்துப்போட்டிருக்கிறார்கள். ஜீன் எல். கூன் எழுதி, ஜோசப் பெவ்னி இயக்கி, 1967 மார்ச் 9 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பானது. (அந்த நாளில் நம் நாட்டில் தொலைக்காட்சியே கிடையாது. அதைச் சாத்தானின் பெட்டி என்று திட்டிய ஹெர்ட்சாக் அமைச்சர் பதவியில் இருந்தார். ஒளிபரப்பு தொடங்க 1976 ஜனவரி 5 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.)

கம்பளத்துக்கு வருவோம். உள்ளே இருப்பவர் ஹங்கேரியில் பிறந்த யானோஸ் புரோஹாஸ்கா. கரடி, குரங்கு வேஷங்களுக்குப் பேர்போனவர். உடுப்பைச் செய்தவரும் அவரே. 1965இல் 'தி அவுட்டர் லிமிட்ஸ்' தொடருக்குப் பயன்பட்ட வேஷத்தைத்தான் மாற்றியமைத்தார். அதற்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. கண், வாய், கை எதுவும் இல்லை. 'அரீனா'வில் வரும் கோர்ன் என்ற பல்லி மனிதனோடு வைத்துப் பாருங்கள். அதுவும் ரப்பர்தான், ஆனால் முகம் இருப்பதால் பார்த்த உடனே கெட்டவன் என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஹோர்டாவிடம் அதற்கு வழியில்லை. கிர்க் அதன் எதிரே உட்காரும் காட்சியில் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்றே தெரியாது. நம் கண் போய் நிற்கும் ஒரே இடம் அதன் காயம். அது காயத்தைத் திருப்பிக் காட்டும்போதுதான் அதற்கு ஒரு முகம் வருகிறது. இது சிக்கன வேலை, நல்ல வேலை.

தவறு வேஷத்தில் இல்லை, ஒளியில். ஏறக்குறைய பாதிக் கதை வரை முழு உருவத்தைக் காட்டாமல் பொறுமையாக இருந்தவர்கள், காட்டும்போது வெளிச்சத்தில், தூரத்திலிருந்து, தரையில் ஊர்வதைக் காட்டிவிடுகிறார்கள். கல்லோடு கல்லாக அரை இருட்டில் வைத்து விளிம்பு மட்டும் அசைந்திருந்தால் உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்காது. தரைக்கு என்னிடம் சமாதானம் இல்லை. கேமராத் தள்ளுவண்டி ஓட வேண்டும், புரோஹாஸ்கா முட்டி போட்டு நகர வேண்டும். இரண்டுக்கும் ஸ்டுடியோத் தளம் வசதி. நாலு கூடை சரளையை ஓரத்தில் கொட்டியிருக்கலாம்.

இனி வேதியியல். பூமியின் மேலோட்டு எடையில் சுமார் 28 சதவீதம் சிலிக்கன், கார்பன் சொற்பத்திலும் சொற்பம். அப்படியும் உயிர் கார்பனைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் பிணைப்பு. கார்பன்–கார்பன் பிணைப்பின் வலு மோலுக்குச் சுமார் 346 கிலோஜூல், சிலிக்கன்–சிலிக்கன் 222தான். ஆனால் சிலிக்கன்–ஆக்சிஜன் 452. அதாவது ஆக்சிஜனைக் கண்டால் சிலிக்கன் தன் சங்கிலியை அறுத்துக்கொண்டு அதோடு போய்விடும். சுரங்கக்காரர்கள் சாதாரணமாக மூச்சு விடும் காற்றில் அந்த உயிர் எப்படிப் பிழைக்கும்? அதுவும் நம்மைப் போல மூச்சு விட்டால் வெளியே வருவது வாயு இல்லை, சிலிக்கன் டை ஆக்சைடு. மணல்.

அமிலக் கணக்கு இன்னும் வேடிக்கை. குவார்ட்ஸைச் சாதாரண வெப்பத்தில் ஒழுங்காகக் கரைப்பது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். 60 கிராம் குவார்ட்ஸுக்கு 80 கிராம் வேண்டும். ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள வளையை ஒரு மீட்டர் நீளம் குடைந்தால் வெளியேற வேண்டிய பாறை சுமார் 4.7 டன், அதற்கு அமிலம் 6 டன்னுக்கு மேல். கூடவே 8 டன் அளவுக்குச் சிலிக்கன் டெட்ராஃபுளோரைடு என்ற நச்சு வாயு கிளம்பும். ஐம்பது பேரோடு நிற்காது, சுரங்கத்தில் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். பாறையைக் கரைக்கும் அமிலம் பாறையால் ஆன உடம்பை மட்டும் ஏன் விட்டுவைக்கிறது என்பது தனிக் கேள்வி.

கதாசிரியர் இதை எளிதாகச் சரிசெய்திருக்கலாம். விளிம்பில் ஒரு சென்டிமீட்டர் வளையத்தை மட்டும் கரைத்து, நடுப்பாறையை உடைத்து விழுங்குவதாக வைத்தால் மீட்டருக்கு 165 கிலோ அமிலத்தோடு காரியம் முடியும். பிள்ளைகளை இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள், போன் கையில் இருந்தாலும் கால்குலேட்டருக்காகவே இருக்கும்.

சிலிக்கன் ஆளைக் கொல்லும் என்பதற்குக் கற்பனை எதற்கு? ஜோஹன்னஸ்பர்க் தங்கச் சுரங்கங்களில் அது தினப்படி நடந்தது. துளைபோடும்போது பறக்கும் 5 மைக்ரோமீட்டருக்கும் குறைவான குவார்ட்ஸ் தூசி காற்றுப்பைகள் வரை இறங்கும். விழுங்கிய வெள்ளணு அதைக் கரைக்க முடியாமல் சாகும், அந்த இடம் தழும்பாக இறுகும். அதுதான் சிலிக்கோசிஸ். பாதிக்கப்பட்ட தொழிலாளர்களுக்கான 500 கோடி ராண்ட் அளவிலான சமரசத்துக்கு 2019இல்தான் நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. ஜானஸ் 6 ஆட்களோ மூக்கில் ஒரு துணிகூடக் கட்டாமல் நிற்கிறார்கள்.

இவ்வளவு ஓட்டை இருந்தும் நான் ஏன் புகழ்ந்தேன் என்றால், கதைக் கட்டுமானம். திருட்டுப் பொருளை ஆரம்பத்திலேயே நம் கண் முன் மேசையில் வைத்துவிடுகிறார் கூன். தலைமைப் பொறியாளர் வாண்டர்பெர்க்கின் அறையில் ஸ்பாக் ஓர் உருண்டையைக் கையில் எடுத்து இது என்ன என்று கேட்கிறார். சிலிக்கன் உருண்டை, கீழே எக்கச்சக்கமாகக் கிடக்கிறது, வியாபார மதிப்பு இல்லை என்று பதில். அங்கே படத்தை நிறுத்துங்கள். 'சாவுகள் எப்போது தொடங்கின, புதிய மட்டத்தை எப்போது திறந்தார்கள்?' என்று மட்டும் கேளுங்கள். விடையைச் சொல்லிவிடாதீர்கள். அடுத்து நிறுத்த வேண்டியது அணு உலையின் சுழற்சிப் பம்பு காணாமல் போகும் இடம். அந்தச் சுரங்கம் மூச்சு விடுவதே அந்த உலையை நம்பித்தான்; மாற்றுப் பம்பும் கிடையாது. அத்தனை இயந்திரத்தில் அதை மட்டும் கழற்றிக்கொண்டு போவது வெறிபிடித்த மிருகமா, யோசித்துச் செய்கிற எதிராளியா? மூன்றாவது, ஸ்பாக் மாறும் இடம். இது தன் இனத்தில் கடைசி ஒன்றாக இருக்கலாம், கொல்லக் கூடாது என்று வாதாடியவர், கிர்க் தனியே மாட்டிக்கொண்டதும் உடனே சுட்டுவிடுங்கள் என்கிறார். சுடு சுடு என்று கிளம்பிய கிர்க் துப்பாக்கியைத் தாழ்த்துகிறார். நட்பு வந்தால் கொள்கை எங்கே போகிறது என்று பிள்ளைகளே பேசிக்கொள்வார்கள்.

நேரம் இருந்தால் 1966 செப்டம்பர் 8 அன்று வந்த 'தி மேன் ட்ராப்' அத்தியாயத்தின் கடைசிப் பகுதியையும் காட்டுங்கள். அங்கேயும் தன் இனத்தின் கடைசி உயிர். உடம்பு உப்பை உறிஞ்சிக் கொல்கிறது. அதைக் கப்பல் மருத்துவர் மெக்காய் சுட்டுவிடுகிறார்; முடிவில் அழிந்துபோன காட்டெருமைகளை நினைத்து வருத்தப்படுகிறார் கிர்க். ஆறு மாதத்தில் அதே தொடர் சுடாமல் நின்றது. இடையில் தயாரிப்புக்கு வந்தவர் கூன்; கோர்னைக் கொல்லாமல் விட்டதும் அவர் எழுத்துதான்.

இனி என் சண்டை. மெக்காய் ஹோர்டாவின் காயத்தில் சிலிக்கன் கான்கிரீட்டைப் பூசுகிறார். வெளியே தடியோடு ஆட்கள். அந்த நேரத்தில், மனத்தோடு மனம் தொட்டு அதன் எண்ணத்தை அறியக்கூடிய ஸ்பாக் வழியாக ஒப்பந்தம் பேசப்படுகிறது: குஞ்சுகள் வளை தோண்டும், சுரங்கக்காரர்கள் தாதுவை அள்ளிக்கொள்வார்கள். குஞ்சுகள் பொரித்து வெளியே வந்ததுமே புதிய பெர்ஜியம், தங்கம், பிளாட்டினம் என்று கொட்டுகிறது. எல்லோருக்கும் சந்தோஷம், ஸ்பாக்கின் கூர்க்காது பற்றி ஒரு ஜோக், முடிந்தது. தோண்டுகிறவர்களுக்கு என்ன கிடைக்கிறது? உயிரோடு விடுகிறார்கள், அவ்வளவுதான்.

எப்படியும் தோண்டத்தானே போகிறது, அதற்கு என்ன நஷ்டம் என்று கேட்பார்கள். நேட்டாலில் கரும்புத் தோட்டக்காரர்களும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள்: ஊரில் இருந்தாலும் வயலில்தானே வேலை செய்திருப்பான். 1860இலிருந்து 1911 வரை இந்தியாவிலிருந்து கூலிகளாக வந்தவர்களுக்கு ஐந்து வருட ஒப்பந்தம். முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங், பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடுதல், அரிசி, பருப்பு, இருக்க இடம். ஹோர்டாவுக்கு அந்த 10 ஷில்லிங்கும் இல்லை. ஒப்பந்தம் முடிந்து இங்கேயே தங்கினால் 1895 சட்டப்படி வருடத்துக்கு 3 பவுண்டு வரி, அதாவது முதல் வருடச் சம்பளத்தில் ஆறு மாதம். 1903இல் அதை 16 வயதான பையன்களுக்கும் 13 வயதான பெண்பிள்ளைகளுக்கும் நீட்டினார்கள். உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் வயதைப் பாருங்கள்.

இன்னொன்று. இந்த அத்தியாயத்தில் ஒரு பெண்ணுக்கும் வசனம் இல்லை. இருக்கும் ஒரே பெண் ஹோர்டா, அவளும் ஸ்பாக்கின் வாயால்தான் பேச வேண்டும். சுரங்கம் என்றால் ஆண்கள் இடம் என்று கூன் யோசிக்காமலே வைத்துவிட்டார் போலும். 1913 அக்டோபரில் நேட்டாலின் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் 3 பவுண்டு வரிக்கு எதிராக வேலைநிறுத்தம் மூண்டபோது, தொழிலாளர் குடியிருப்புகளுக்குப் போய்ப் பேசியவர்கள் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து வந்த பெண்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். மூன்று மாதச் சிறை கிடைத்தது. வரி 1914இல் போயிற்று.

ஆகவே வகுப்பை இப்படி நடத்திப் பாருங்கள். அத்தியாயம் சுமார் 50 நிமிடம், நிறுத்தங்களோடு 75 வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு குழு. ஒன்று சுரங்க முதலாளிகள், ஒன்று ஹோர்டாத் தாயும் குஞ்சுகளும். முதலாளிகள் பக்கம் பேச்சாளிப் பிள்ளைகளைப் போடாதீர்கள். அவர்களுக்கு வாதம் தானாகவே கிடைக்கும். தடியும் துப்பாக்கியும் வெளியே போன பிறகு பேச்சுவார்த்தை தொடங்கட்டும். எந்த மட்டங்கள் குஞ்சுகளுக்கு மட்டும், உடைந்த முட்டைகளுக்கு ஈடு என்ன, அள்ளிய தாதுவில் பங்கு எவ்வளவு, ஒப்பந்தம் எத்தனை வருடம், பிடிக்காவிட்டால் எப்படி விலகுவது, எல்லாம் தமிழில் ஒரே பக்கத்தில் எழுத வேண்டும். எழுதியதை எனக்கு அனுப்புங்கள், இங்கே போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா