கடையில் பிறந்த இசைக்குழு

கேள்வி: விவியன் வெஸ்ட்வுட் என்ற ஆடை வடிவமைப்பாளர்தான் பிரிட்டனில் பங்க் என்ற முரட்டுத்தனமான ராக் இசையை உருவாக்கினார் என்று படித்தேன். பாட்டு வந்த பிறகுதானே அதற்கேற்ற உடை வரும்? (ஒரு கல்லூரி மாணவி)

பதில்: இங்கே கடைதான் முதலில் வந்தது. லண்டன் கிங்ஸ் ரோட்டில் 430ஆம் எண் கடை. ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்த விவியனும் அவருடைய துணைவர் மால்கம் மெக்லாரனும் 1971இல் அங்கே டெடி பாய் எனப்பட்ட ஐம்பதுகளின் இளைஞர் பாணி உடைகள் விற்கத் தொடங்கினார்கள். பழைய உடைகளைத் தையல் பிரித்து, துண்டு துண்டாக விரித்துப் பார்த்தே விவியன் துணி வெட்டும் முறையைக் கற்றுக்கொண்டார். நானும் ஒரு பழைய கோட்டைப் பிரித்துத்தான் காலர் தைக்கக் கற்றேன். அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

1974இல் கடையின் பெயர் 'செக்ஸ்' என்று மாறியது. சனிக்கிழமைகளில் அங்கே வேலை பார்த்த கிளென் மேட்லாக், அங்கேயே சுற்றிக்கொண்டிருந்த ஸ்டீவ் ஜோன்ஸ், பால் குக் ஆகிய மூவருக்கும் ஒரு பாடகர் தேவைப்பட்டார். பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் குழுவின் பனியனில் 'நான் வெறுக்கிறேன்' என்று தானே எழுதிப் போட்டிருந்த ஜான் லைடனை 1975இல் கடையின் ஜூக்பாக்ஸ் என்ற பாட்டுப்பெட்டி முன்னால் நிறுத்திப் பாடவைத்துப் பார்த்தார்கள். இப்படி உருவான செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவுக்குப் பெயரில் பாதியும் கடையிலிருந்தே வந்தது.

ஆனாலும் 'உருவாக்கினார்' என்பதை நான் ஏற்கமாட்டேன். கிழிந்த சட்டையை நியூயார்க்கில் ரிச்சர்ட் ஹெல் என்ற பங்க் பாடகர் ஏற்கெனவே அணிந்துகொண்டிருந்தார்; மெக்லாரன் அதை நேரில் பார்த்தவர். விவியனின் பங்கு வேறு. இரண்டு கால்களையும் பட்டையால் இணைத்த கால்சட்டை, கையை விழுங்கும் நீளமான சட்டைக்கை: இவற்றைப் போட்டுக்கொண்டு பழைய நடை நடக்க முடியாது. உடம்பு வேறு மாதிரி நிற்கும், மேடையிலும் தெருவிலும். கடையின் விற்பனைப் பெண் ஜார்டன், சீஃபோர்டு என்ற கடலோர ஊரிலிருந்து அந்த உடையிலேயே ரயிலில் வேலைக்கு வருவார். சக பயணிகளின் ஏச்சு பொறுக்காமல் ரயில்காரர்களே அவரை முதல் வகுப்பில் உட்காரவைத்தார்கள். எந்தப் பாடலையும்விட அந்தத் தினசரிப் பயணம் எனக்குத் துணிச்சலாகத் தெரிகிறது.

கடையின் விலை பெரும்பாலான இளைஞர்களுக்கு எட்டாதது. அதனால் அப்பாவின் சட்டை, பள்ளிக்கூட டை, ஒரு கை நிறைய ஊக்கு என்று வீட்டிலிருந்ததை வைத்து அவர்களே செய்துகொண்டார்கள். வாங்கியவர்களைவிட இப்படித் தைத்தவர்களிடம்தான் விவியனின் செல்வாக்கை நான் காண்கிறேன். மூன்று கார்டு (chord, சுரக்கூட்டு) தெரிந்தால் கிட்டார் எடுக்கலாம் என்ற பங்க் துணிவும் இதுவும் ஒன்றுதான்.

கேள்வி: பங்க் ஓய்ந்த பிறகு?

பதில்: 1981இல் கடற்கொள்ளையர் பாணி ஆடைத் தொகுப்பை விவியன் கொண்டுவந்தார். பௌ வௌ வௌ என்ற இசைக்குழுவினர் அதை உடுத்தினார்கள். தொளதொளச் சட்டை, இடைக்கச்சை என்று பங்குக்குப் பின் வந்த, ஆடம்பர உடை விரும்பிய நியூ ரொமான்டிக் இளைஞர்களிடமும் அந்தச் சாயல் பரவியது.

கேள்வி: ராணியின் உதட்டில் ஊக்குக் குத்திய படத்தைப் பனியனில் விற்றவர், ராணியிடமே விருது வாங்கியது சரியா?

பதில்: படத்தை வடிவமைத்தவர் ஜேமி ரீட், விற்றது விவியனின் கடை. 1992இல் விவியன் ஓ.பி.இ. என்ற பிரிட்டிஷ் அரச விருதைப் பெற்றார் என்பதும் உண்மை. எனக்கு இதில் உறுத்தல் இல்லை. அவர் அதிகாரத்தைத்தான் சாடினார், அந்நாட்டுத் தையலை நேசித்தார். 1987 தொகுப்பில் ஸ்காட்லாந்துத் தீவுகளில் கைத்தறியில் நெய்யும் ஹாரிஸ் ட்வீட் கம்பளியிலேயே ஒரு கிரீடம் செய்து மாடலின் தலையில் வைத்தார்.