விஷமம் உண்டோ?

கேள்வி: பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் இளைஞர்களின் மன விஷமம் நாளுக்கு நாள் கூடிவருகிறது. இங்கே தனியாக ஒரு மனநல மருத்துவமனை கட்ட வேண்டும் என்று அரசுக்கு மனு கொடுக்கப்போகிறோம். நீங்களும் கையெழுத்துப் போடுவீர்களா?
(ஒரு வாசகர், வேலந்தாவளம்)

பதில்: முதலில் அந்த 'விஷமம்'. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த என் மருமகள் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, "பையன்கள் விஷமம் செய்தால் போலீசுக்கல்லவா மனு கொடுக்க வேண்டும், மாமா?" என்று கேட்டாள். அவள் மேல் தப்பில்லை. உங்கள் ஊர்ச் செக்போஸ்டுக்குக் கிழக்கே விஷமம் என்றால் குறும்பு. மேற்கே, மலையாளத்தில், அதே சொல் துக்கம். தேங்காய்க்கும் அரிசிக்கும் சோதனை போட்டவர்கள் இந்தச் சொல்லை மட்டும் சோதிக்காமல் விட்டுவிட்டார்கள்.

சிரிக்கத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் போன வருடம் நடந்த ஒன்று குறுக்கே வருகிறது. பக்கத்து வீட்டுப் பையன் கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டு மூன்று மாதமாக அறைக்குள்ளேயே கிடந்தான். ஓர் அரசு மருத்துவமனையில் மாதம் ஒருமுறை நடக்கும் மனநலக் கிளினிக்குக்கு அவனை அழைத்துப் போனோம். அவன் அம்மா பழநிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். இருபது வருடம் ஆகியும் அவருடைய மலையாளம் ரேஷன் கடையைத் தாண்டவில்லை. டாக்டர் இளம் பெண், தங்கமானவர். "மோனு விஷமமுண்டோ?" என்று கனிவாகக் கேட்டார். அம்மா பதறிப்போனார். "ஐயோ, விஷமமே தெரியாத பிள்ளை டாக்டர். இதுவரை ஒரு டம்ளரைக்கூட உடைத்ததில்லை!" அடுத்த கேள்வி, "பேடியுண்டோ?" பயமாக இருக்கிறதா என்று அர்த்தம். அம்மா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். பெற்ற பிள்ளையை எதிரில் வைத்துக்கொண்டு பேடி என்றால் எந்தத் தாய் பொறுப்பாள்?

சண்டையை விலக்கியது நான்தான். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். துபாஷி வேலையையும் ஏற்றுக்கொண்டேன். பையனுக்கு மலையாளம் தெரியும். பஸ்ஸில் பேசுவான், கிரிக்கெட் மைதானத்தில் பேசுவான். ஆனால் அழுவது தமிழில். ஆகவே அவன் தமிழில் என்னிடம் சொல்ல, நான் மலையாளத்தில் டாக்டரிடம் சொல்வதாக ஏற்பாடு. அவன் என் முகத்தைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், காற்றாடியைப் பார்த்தான். கேட்டதையெல்லாம் அச்சடித்து விற்கும் மனிதனிடம் எந்தப் பிள்ளை மனதைத் திறக்கும்?

உங்கள் மனுவுக்கு வருகிறேன். தனி மருத்துவமனை கேட்கிறீர்கள். கேரளத்தில் அரசு மனநல மருத்துவமனைகள் மூன்று இருக்கின்றன: திருவனந்தபுரம் ஊளம்பாறையில் 1870இலும், கோழிக்கோடு குதிரவட்டத்தில் 1872இலும், திருச்சூரில் 1889இலும் தொடங்கியவை. சென்னைக் கீழ்ப்பாக்கம் இவற்றுக்கெல்லாம் மூத்தது. அதன் வரலாறு 1794இல் ஆரம்பிக்கிறது. அங்கே குணமாகி வீடு திரும்பியவர்கள் ஆயிரமாயிரம். ஆனால் ஊர் வாயில் அந்தப் பெயர்கள் என்னவாயின? தமிழனுக்குக் கோபம் வந்தால் கீழ்ப்பாக்கம், மலையாளிக்குக் கோபம் வந்தால் குதிரவட்டம் அல்லது ஊளம்பாறை. நமக்கு, எல்லைக்காரர்கள் என்ற சலுகையில், எல்லா வசவும் கிடைக்கும். நீங்கள் கேட்கிறபடி கட்டடம் எழும்பினால் பத்தே வருடத்தில் "இவனை வேலந்தாவளத்தில் சேர்" என்பார்கள். உங்கள் ஊர்ப் பெண்களுக்கு வரன் பார்க்கிறவர்கள் சார்பில் ஆட்சேபம் தெரிவிக்கிறேன்.

பெரிய கட்டடம் போதாது என்பது அரசுக்கே தெரிந்து நாளாகிவிட்டது. 1982இல் வந்த தேசிய மனநலத் திட்டம், இந்தச் சிகிச்சையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே கொண்டுபோக வேண்டும் என்றது. 1996இல் அதை மாவட்டத் திட்டமாக்கினார்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, எவரையும் நெடுந்தூரம் அலையவிடக் கூடாது, சிகிச்சை வீட்டுக்கு அருகிலேயே இருக்க வேண்டும் என்கிறது. 22ஆம் பிரிவு, நோயாளிக்குப் புரியும் மொழியில் அவரிடம் தகவல் சொல்லச் சொல்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கு நம் தாலுகாவைத் தெரிந்திருக்க நியாயமில்லை, ஆனாலும் நமக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது. மனுவில் இந்த இரண்டு எண்களையும் போடுங்கள்.

இந்த இடத்தில் என் பழைய பகையாளி ஒருவரிடம் பாதித் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. பள்ளிகளில் கவுன்சிலர் என்று சொல்வதை 'ஆற்றுப்படுத்துநர்' என்று தமிழாக்கினார்கள். ஆற்றில் பிடித்துத் தள்ளுகிறவர் போலிருக்கிறதே என்று இதே பக்கத்தில் கேலி செய்தேன். ஒரு தமிழ்ப் பேராசிரியர் நாலு பக்கம் கடிதம் எழுதி என்னைக் கிழித்தார். கோபத்தில் போடாமல் வைத்திருந்த அந்தக் கடிதத்தைப் போன வாரம் எடுத்துப் பார்த்தேன். ஆறு என்றால் வழி. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைதான். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், பசியோடு எதிரே வருகிற பாணனிடம், எந்த வழியாகப் போக வேண்டும், இடையில் எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும், போய்ச் சேர்ந்தால் வள்ளல் எப்படி வரவேற்பான் என்று அங்குலம் அங்குலமாகச் சொல்கிறான். நம் பிள்ளைகளுக்கு நடப்பது அதில் பாதி. பள்ளியிலிருந்து தாலுகா ஆஸ்பத்திரிக்கு, அங்கிருந்து மாவட்ட ஆஸ்பத்திரிக்கு என்று வழி மட்டும் சொல்கிறார்கள். வள்ளல் எந்தக் கிழமை வருவார் என்று சொல்வதில்லை. சோற்றைப் பற்றியும் பேச்சில்லை. பேராசிரியரின் எழுத்துப்பிழைகள் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.

மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளேயே தலைகாட்டிவிடுகின்றன என்கிறார்கள் மருத்துவர்கள். 2015-16 தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குக் கோளாறு தெரிந்தது. நாற்பது பேர் வகுப்பென்றால் மூன்று பேர். அந்த மூவருக்கும் சேர்த்து நம் பள்ளிகள் வருடத்துக்கு ஒருமுறை தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரைக் கூப்பிட்டு மாலை போடுகின்றன. இரண்டு மணிநேரம் "எழுந்து நில்" என்று கத்திவிட்டு அவர் காரில் ஏறிப் போகிறார். இந்தப் பத்திரிகையில் அவர்கள் விளம்பரத்தை வாங்குவதில்லை. விளம்பர மேலாளருக்கும் எனக்கும் இது குறித்துத் தீராத வழக்கு.

கிளினிக்கை அந்தரத்தில் விட்டுவிட்டேன். டாக்டர் கடைசியில் என்னையும் அம்மாவையும் வெளியே அனுப்பிவிட்டு, "உறக்கம் வருந்நுண்டோ?" என்று மட்டும் கேட்டாராம். உறக்கம் செக்போஸ்டுக்கு இருபுறமும் உறக்கம்தான். நான் எதிர்க்கடையில் மூன்று டீ குடித்து முடிக்கும்வரை கதவு திறக்கவில்லை. வெளியே வந்தபோது பையன் கண் சிவந்திருந்தது, கையில் மருந்துச் சீட்டு இருந்தது. அடுத்த மாதம் போனோம். அந்த நாற்காலியில் வேறொருவர். பையன் வாசலிலேயே திரும்பிவிட்டான். மறுபடி அழைத்து வர ஐந்து மாதம் ஆனது. இடையில் அவனுக்குக் கைகொடுத்தது 14416 என்ற தொலைபேசி எண். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்த அரசுச் சேவை கட்டணமில்லாதது, இரவிலும் எடுக்கிறார்கள், தமிழிலும் பேசுகிறார்கள்.

ஆகவே, கட்டடம் என்று வரும் இடத்தையெல்லாம் மனுவில் அடித்துவிடுங்கள். அதற்குப் பதில், தமிழும் மலையாளமும் தெரிந்த ஒருவர், வாரத்தில் குறிப்பிட்ட ஒரு கிழமையில், கல்லூரி விட்டபிறகு, நம் ஊர் சுகாதார நிலையத்திலேயே உட்கார வேண்டும், வருடம் முடியும்வரை அவரை மாற்றக் கூடாது என்று எழுதுங்கள். 'விஷமம்' அப்படியே இருக்கட்டும். மனு போவது திருவனந்தபுரத்துக்குத்தானே. எங்கள் அலுவலகத்தில் ஏழு பேர் இருக்கிறோம், ஏழு கையெழுத்தும் உண்டு. விளம்பர மேலாளர் மட்டும் மலையாளத்தில் போடுவார்.